நீலம் நிற்காத தொட்டி

எங்கள் வீட்டு 60 லிட்டர் தொட்டியில் மோலி மீன்கள் மேல் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். கொளத்தூரில் வாங்கிய மீன்களைத் தனியே வைத்துக் கவனிக்காமல் நேராகத் தொட்டியில் விட்ட என் அவசரம்தான் காரணம்.

இரவு மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தை ஊற்றினேன். தண்ணீர் சொட்டுநீலம் கலந்த வாளி மாதிரி ஆனது. காலையில் பார்த்தால் தெளிந்து கிடக்கிறது! மருந்து போலியாக இருக்குமோ என்று மறுபடி ஊற்றினேன். மறுநாளும் அதே கதை.

மூன்றாம் நாள்தான் ஃபில்டரைத் திறந்தேன். வாங்கி இரண்டு வாரம்கூட ஆகாத ஃபில்டர். ஸ்பாஞ்சுக்குப் பின்னால் ஒரு வலைப்பையில் ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது பதப்படுத்திய கரி. மெத்திலீன் புளூ ஒரு சாயம். சாயத்தைப் பிடித்து வைப்பதில் கரி கெட்டிக்காரன்.

பையை எடுத்துவிட்டு, பாதித் தண்ணீரை மாற்றி, திரும்ப மருந்து. இந்த முறை நீலம் நின்றது. அந்த வெள்ளைப் புள்ளிகளுக்குக் காரணம் ஒரு ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் இருக்கும்வரை அதை மருந்து எட்டாது. அது உதிர்ந்து பெருகி, நீந்தி வரும் குஞ்சுகள்தான் சாகும். அதனால் புள்ளிகள் மறைந்த பிறகும் சில நாள் தொடர்ந்தேன்.

அப்புறம் மிச்ச மருந்தை எடுக்க அதே வேலைக்காரன்தான்: புதுக் கரி, கருந்தூள் போகும்வரை அலசிப் போட்டேன். நாலு நாளில் எடுத்தாயிற்று. இப்போது அந்த இடத்தில் இன்னொரு ஸ்பாஞ்ச். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைக் கரி தொடாது, ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாதான் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்தில் அதுவும் அடிபட்டிருக்கும் என்று இரண்டு வாரம் தீனியைக் குறைத்தேன். மோலிகளுக்குத்தான் கோபம்.