ஹைட்ரஜன் விமானம்: நெல்லைச் சீமையில் தவிர்க்க வேண்டிய தப்புக் கணக்குகள்

பணகுடி, காவல்கிணறு பக்கம் திரவ ஹைட்ரஜன் என்பது யாருக்கும் புதுச் சொல் இல்லை. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. எல்விஎம்3 ராக்கெட்டில் திரவ ஹைட்ரஜனை எரிக்கும் சிஇ-20 எஞ்சினைச் சோதிப்பது அங்கேதான். வளாகத்தை விட்டு வெளியே வந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலை. கிழக்கே தூத்துக்குடித் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் (மாசில்லா மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பது) முன்னோடி ஆலை ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். இதையெல்லாம் பார்க்கிறவர்கள், “விமானமும் இனி ஹைட்ரஜனில்தான், அதுவும் நம்ம ஊர் ஹைட்ரஜனில்” என்று பேசுவது இயல்பு. அது நடக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். அதனாலேயே பேச்சில் அடிக்கடி தப்பும் சில கணக்குகளைச் சரிபார்த்துவிடலாம்.

முதல் தவறு, எடையை மட்டும் பார்ப்பது. ஒரு கிலோ ஹைட்ரஜனில் 120 மெகாஜூல் ஆற்றல். விமான மண்ணெண்ணெயில் 43. கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்றதும் மனம் துள்ளும். ஆனால் திரவமாக்கிய பிறகும் ஹைட்ரஜன் ஒரு லிட்டர் 71 கிராம்தான் இருக்கும். மண்ணெண்ணெய் 800 கிராம் வரும். தூத்துக்குடி விமான நிலையமான வாகைக்குளத்தில் இறங்கும் சிறிய ஏடிஆர் 72 விமானத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் டாங்க் நிரம்பினால் சுமார் 5,000 கிலோ, அதாவது 6,250 லிட்டர். அத்தனையும் இறக்கைக்குள் அடங்கிவிடுகிறது. அதே ஆற்றலுக்கு ஹைட்ரஜன் 1,800 கிலோ போதும், சரி. ஆனால் அளவு 25,000 லிட்டர். தெருவில் வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டை விமானத்துக்குள் வைப்பது மாதிரி. மைனஸ் 253 டிகிரியில் காக்க வேண்டியிருப்பதால் தடித்த காப்புறை போட்ட உருளை டாங்க்தான் சரிப்படும்; மெல்லிய இறக்கைக்குள் அது நுழையாது. பயணிகள் உட்காரும் இடத்தில்தான் கைவைக்க வேண்டும். இருக்கை குறைந்தால் மிச்ச டிக்கெட்டின் விலை ஏறும்.

“ராக்கெட்டே பறக்குது, விமானம் பறக்காதா?” என்பது அடுத்தது. இங்கே அதிகம் காதில் விழுவது இதுதான், மகேந்திரகிரி பக்கத்திலேயே இருப்பதால். ராக்கெட்டின் கிரையோ அடுக்கில், அதாவது கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் ஓடும் பகுதியில், கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்புதான் எரிபொருள் நிரப்புவார்கள். கொதித்து ஆவியாவதை வெளியே விட்டுவிட்டு, மேலே ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. எஞ்சின் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும், அத்தோடு அதன் ஆயுள் முடிந்தது. ஏடிஆர் அப்படியா? ஒரே நாளில் பல ஊரில் இறங்கி ஏறும். அரை மணி நேரத்தில் ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, எரிபொருளும் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். ராத்திரி முழுக்க நிற்கும்போது டாங்க்கில் ஆவியாவதை என்ன செய்வது? ஒவ்வொரு விமான நிலையத்திலும் அந்தக் குளிர்க் குழாயையும் வால்வையும் யார் கையாள்வது? ஆயிரக்கணக்கான முறை உறைந்து சூடாகும் உலோகமும் வெல்டும் எத்தனை வருடம் தாங்கும்? மகேந்திரகிரியில் சேர்ந்திருக்கும் அனுபவம் பொக்கிஷம், சந்தேகமே இல்லை. விமானத்துக்குத் தேவையான பதில்களில் பாதியை அது தரும். மீதிப் பாதியைப் புதிதாகத்தான் தேட வேண்டும். கிரையோஜெனிக்ஸ் என்ற கடுங்குளிர்த் தொழில்நுட்பம் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு வேலை இருப்பது அந்த மீதிப் பாதியில்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ராக்கெட் திரவ ஆக்சிஜனைக் கையோடு கொண்டுபோகிறது. விமான எஞ்சின் காற்றை இழுக்கிறது, காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். ஆகவே டர்பைனில் ஹைட்ரஜனை எரித்தால் கார்பன் வராது, ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு வரும். நீராவி மட்டும் வெளியே விடுவது ஃப்யூவல் செல், அதாவது ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுத்து மோட்டாரைச் சுழற்றும் முறை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அடுத்ததுதான் மிகப் பெரிய தவறு: ஹைட்ரஜன் என்றாலே சுத்தம் என்று நம்புவது. உலகில் இன்று தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயு வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 9 முதல் 10 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியேறும். அந்த ஒரு கிலோ எத்தனை மண்ணெண்ணெய்க்கு ஈடு? சுமார் 2.8 கிலோ. அதை எரித்தால் 9 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். ஆக, விமானத்தின் வாலில் புகை இல்லாவிட்டாலும் ஆலைப் புகைபோக்கியில் அதே புகை, கொஞ்சம் கூடுதலாகவே. குளிரவைத்துத் திரவமாக்கும் மின்சாரத்தை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

“நமக்குத்தான் காற்றாலை இருக்கே” என்பார்கள். இருக்கிறது. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும், திரவமாக்க இன்னும் 10 யூனிட்டுக்கு மேல். 65 என்று வைத்துக்கொண்டால், அந்த ஏடிஆரை ஒரு முறை முழுதாக நிரப்ப 1,17,000 யூனிட். 2 மெகாவாட் காற்றாலை ஒன்று, முழுத் திறனில், ஏறத்தாழ இரண்டரை நாள் ஓயாமல் சுழல வேண்டும். சென்னை போய்வர முழு டாங்க் தேவையில்லைதான். ஆனால் ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று மார்கழியில் அடிக்காது, விமானமோ பன்னிரண்டு மாதமும் பறக்கும். தவிர, இந்தக் காற்றாலைகளின் மின்சாரம் சும்மா கிடக்கவில்லை, ஏற்கெனவே வீடுகளுக்கும் மில்களுக்கும் போகிறது. அதைப் பிடுங்கி ஹைட்ரஜனுக்குக் கொடுத்துவிட்டு, அந்த ஓட்டையை நிலக்கரியால் அடைத்தால் அதைப் பசுமை என்று சொல்ல மாட்டேன். புதிய காற்றாலை, புதிய சூரிய மின்சாரம், அப்புறம்தான் ஹைட்ரஜன்.

செய்தித் தலைப்பை அப்படியே விழுங்குவதும் வேண்டாம். ‘முதல் ஹைட்ரஜன் விமானம்’ என்று வருடா வருடம் வரும். சோவியத்தின் டூ-155, மூன்று எஞ்சினில் ஒன்றைத் திரவ ஹைட்ரஜனில் ஓட்டி 1988-லேயே பறந்துவிட்டது. 2023 ஜனவரியில் இங்கிலாந்தில் ஜீரோஏவியா நிறுவனம் பறக்கவிட்ட டோர்னியர் 228 என்ற சிறு விமானத்தில் இடது பக்கம் மட்டும்தான் ஹைட்ரஜன் மின்சாரம், வலது பக்கம் வழக்கமான எஞ்சின். ஏர்பஸ் நிறுவனம் 2020-இல் ஹைட்ரஜன் விமானம் “2035-க்குள்” என்றது, 2025-இல் அதைத் தள்ளிப்போட்டது. முயற்சி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை, எத்தனை எஞ்சின், எத்தனை பேர், எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டு நம்பலாம்.

அதுவரை கைகட்டிக் காத்திருப்பதும் தப்பு. உலகக் கார்பன் டைஆக்சைடில் விமானங்களின் பங்கு சுமார் 2.5 சதவீதம், அதிலும் நடுத்தர, நீண்ட தூரப் பறப்புகளே பெரும்பகுதி. ஹைட்ரஜன் அங்கே எட்ட வெகுகாலம் ஆகும். சமையல் எண்ணெய்க் கழிவு போன்றவற்றிலிருந்து எடுக்கும் மாற்று எரிபொருளை இன்றைய எஞ்சினிலேயே கலக்கலாம். வெளிநாட்டு விமானங்களில் 2027-இல் 1 சதவீதம் கலக்க இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. நெல்லையிலிருந்து சென்னைக்கு என்றால் ரயிலே இருக்கிறது.

கடைசியாகத் தண்ணீர். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் பிரிய வேண்டும்; சுத்திகரிப்பு, குளிர்விப்பு எல்லாம் சேர்த்தால் அதைவிடக் கூடும். நம் ஏடிஆருக்கு 16,000 லிட்டராவது ஆகும். “தாமிரபரணியே வற்றிப்போகும்” என்பதும் மிகை, “தண்ணீர் ஒரு விஷயமே இல்லை” என்பதும் தவறு. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத வருடங்களைப் பார்த்த ஊர் இது. கடல்நீரைச் சுத்திகரிக்க 1,000 லிட்டருக்கு 3, 4 யூனிட்தான் செலவு. ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் யூனிட் செலவாகும் இடத்தில் இன்னும் எழுபது, எண்பது யூனிட் ஒரு பாரமே இல்லை. தூத்துக்குடியில் பெரிய ஹைட்ரஜன் ஆலை எது வந்தாலும், கடல் பக்கத்திலேயே இருக்கும்போது ஆற்றிலிருந்து சொட்டுத் தண்ணீர் எடுக்க அதற்குக் காரணம் கிடையாது. அனுமதி கொடுக்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய நிபந்தனை இது.