ஆபரேட்டர் நிற்கும் இடத்துக்கே டிராயிங்: சிறு பட்டறைகளுக்கு ஒரு வழிமுறை

மோட்டாரின் முனை மூடியான எண்ட் ஷீல்டில் பேரிங் உட்காரும் துளையை 52 மில்லிமீட்டருக்குக் குடைந்துவிட்டால், அதைத் திரும்ப 47 ஆக்க வழியில்லை. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஷிப்டில், கோவை கணபதியில் உள்ள எங்கள் பட்டறையில் 36 வார்ப்புகள் அப்படிப் போயின. வாடிக்கையாளர் 52 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள 6205 பேரிங்கை விட்டு, 47 உள்ள 6204-க்கு மாறியிருந்தார். மாற்றிய டிராயிங் புதன்கிழமையே மின்னஞ்சலில் வந்தது. அன்று மாலையே நான் அதை கிளவுடில் ஏற்றி வைத்தேன். லேத்தில் நின்றவரிடம் இருந்ததோ, நான்கு மாதங்களுக்கு முன் அச்செடுத்து லேமினேட் செய்து அவர் டூல் பெட்டியில் வைத்திருந்த பழைய தாள்.

சனிக்கிழமை காலையில் துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜை எடுத்துக்கொண்டு 36 துளைகளையும் பார்த்தேன். பழைய டிராயிங்கில் இருந்த 52 எச்7 என்ற அளவுக் குறிப்பின்படி, 52-க்கு மேல் 30 மைக்ரான் வரை போகலாம். ஒன்றுகூட அந்த எல்லையைத் தாண்டவில்லை. அத்தனை கவனமாகச் செய்த வேலை, அத்தனையும் பழைய இரும்புக்கு. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. கணினி மாடியில் இருக்கிறது. இரவில் அந்த அறை பூட்டியிருக்கும். பகலிலும் கூலண்ட் வழியும் கையோடு படியேறி, கணக்கு எழுதுபவரை எழுந்திருக்கச் சொல்லித்தான் டிராயிங்கைப் பார்க்க வேண்டும். அப்படி ஏற்பாடு செய்து வைத்திருந்தவன் நான்.

இரண்டு விஎம்சி (கணினி இயக்கும் செங்குத்து மில்லிங் மெஷின்), நான்கு சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் மெஷின்), 11 பேர் கொண்ட பட்டறை எங்களுடையது. இந்த அளவுள்ள இடத்தில், கணினித் துறை ஆள் யாரும் இல்லாமல், டிராயிங்கை மெஷினருகே கொண்டுவர நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். கூகுள் டிரைவை வைத்துச் சொல்கிறேன்; வேறு சேவை வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதல் வேலை: நகல்களைத் தேடி எடுப்பது

திரை வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி, அடிக்கடி ஓடும் ஒரு பாகத்தின் டிராயிங் பட்டறையில் எத்தனை இடங்களில் இருக்கிறது என்று பாருங்கள். எங்களுக்கு ஐந்து கிடைத்தன: மின்னஞ்சலில் ஒன்று, கணினி முகப்பில் 'பைனல்' என்று ஒன்று, 'பைனல் நியூ' என்று ஒன்று, ஒரு பென் டிரைவில், வாட்ஸ்அப் குழுவில். தாள்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. வாட்ஸ்அப் மிகவும் ஆபத்தானது. படமாக அனுப்பினால் அது சுருங்கி, 0.02-க்கும் 0.2-க்கும் வித்தியாசம் தெரியாமல் மங்கிவிடுகிறது. மேலே தள்ளித் தேடுகிறவர் கையில் முதலில் கிடைத்ததைத் திறந்துவிடுகிறார். அன்றிலிருந்து டிராயிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்புவதை அடியோடு நிறுத்தினோம்.

டிரைவில் இரண்டே போல்டர்கள் போதும்: 'நடப்பு', 'பழையது'. மெஷினருகே இருக்கும் திரைகளுக்கு 'நடப்பு' மட்டும் தெரியும்படி அனுமதி கொடுங்கள். பழைய ரிவிஷனை, அதாவது டிராயிங்கின் முந்தைய திருத்தத்தை, வாடிக்கையாளர் எப்போதாவது கேட்பார். அது அலுவலகத்தின் கவலை, ஆபரேட்டர் கண்ணில் படவே கூடாது. 'நடப்பு' போல்டருக்குள் வாடிக்கையாளருக்கு ஒரு எண், அதற்குள் பாகத்தின் எண். எங்களிடம் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகளும் வேலை செய்கிறார்கள். தமிழில் பெயர் வைத்தால் அவர்களுக்குப் புரியாது; ஆங்கிலத்தில் வைத்தால் மூத்தவர்கள் இருவருக்குத் தடுமாற்றம். எண் எல்லாருக்கும் பொது.

கோப்பின் பெயரில் ரிவிஷன் எழுத்தைச் சேர்க்காதீர்கள். டிராயிங் மாறும்போது புதிய கோப்பாக ஏற்றாமல், பழைய கோப்பின் மேலேயே 'பதிப்புகளை நிர்வகி' என்ற வசதி வழியாகப் புதியதை ஏற்றுங்கள். அப்படிச் செய்தால் கோப்பின் இணைப்பு மாறுவதில்லை. அடுத்து நான் சொல்லப்போகும் கியூஆர் குறியீடு முழுக்க இதை நம்பித்தான் நிற்கிறது. இப்படி மேலே ஏற்றும்போது முந்தைய பதிப்பு 30 நாளிலோ 100 பதிப்புகளிலோ நீங்கிவிடலாம். ஆகவே அதன் ஒரு பிரதியை முதலில் 'பழையது' போல்டரில் போட்டுவிட்டு ஏற்றுங்கள்.

ஜாப் கார்டில் ஒரு கட்டம்

எங்கள் பட்டறையில் வார்ப்பு எங்கே போனாலும் கூடவே அந்த வேலையின் விவர அட்டையான ஜாப் கார்டு போகும். அதனால் கியூஆரை அந்தக் கார்டிலேயே அச்சிட்டோம். கணினியில் குரோம் பிரவுசரில் டிராயிங்கைத் திறந்து, பகிர்வுப் பட்டியலில் கியூஆர் உருவாக்கும் வசதியைத் தட்டினால் படம் கிடைத்துவிடும். இலவசமாகச் செய்து தரும் இணையதளங்கள் சில, நடுவில் தங்கள் முகவரி ஒன்றைச் செருகிவிடுகின்றன. அந்தத் தளம் நின்றால் உங்கள் கார்டும் செத்துவிடும். மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல் அச்சிடுங்கள். டிரைவ் இணைப்பு நீளமானது, கட்டங்கள் நெருக்கமாக விழும், அதன் மேல் எண்ணெய் விரல் வேறு படும்.

கியூஆருக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் விட்டிருக்கிறோம். வேலையைக் கீழே இறக்கும்போது ரிவிஷன் எழுத்தை நான் பேனாவால் அதில் எழுதுகிறேன். ஆபரேட்டர் ஸ்கேன் செய்ததும், திரையில் டிராயிங்கின் வலது கீழ் மூலையில் இருக்கும் ரிவிஷனும் கார்டில் எழுதியதும் ஒன்றுதானா என்று பார்க்கிறார். ஒன்றாக இருந்தால் லேத்தின் பிடிப்பானான சக்கில் வார்ப்பைக் கட்டலாம். மாறியிருந்தால் இரவு இரண்டு மணியானாலும் எனக்குப் போன். இந்த மூன்று வருடங்களில் நான்கு முறை போன் வந்திருக்கிறது. இரண்டு முறை நான் கார்டில் தவறாக எழுதியிருந்தேன். இரண்டு முறை திரையில் பழையது நின்றிருந்தது.

திரை எங்கே, எவ்வளவு பெரியது

முதலில் 10 அங்குல டேப்லெட் இரண்டு வாங்கினேன். அதன் திரை சுமார் 21 சென்டிமீட்டர் அகலம். ஏ3 தாள் 42. டிராயிங் பாதியாகச் சுருங்கி, 2.5 மில்லிமீட்டர் எழுத்து ஒன்றேகால் மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அது எட்டாது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரு மூலை தெரிந்தால் மறு மூலை மறைகிறது. ஈர விரலுக்குத் தொடுதிரை வேறு சரியாக வேலை செய்வதில்லை. கையுறை போட்டுக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சுற்றும் சக்குக்கு அருகே கையுறை கையையே இழுத்துவிடும்.

24 அங்குல மானிட்டரின் திரை சுமார் 53 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம். ஏ3 தாளை ஏறத்தாழ முழு அளவில் காட்டுகிறது. மெஷின் பேனலுக்குப் பக்கத்துத் தூணில் கண் உயரத்தில் மாட்டி, பின்னால் மின்விசிறி இல்லாத சிறு கணினி ஒன்றை இணைத்தோம். மின்விசிறி உள்ள கணினி வார்ப்பிரும்புத் தூசியை உள்ளே இழுக்கும். அந்தத் தூசியில் மின்சாரம் பாயும் என்பதால் போர்டு போய்விடும். டேப்லெட்களை இப்போது தர ஆய்வு மேசையில் வைத்திருக்கிறோம். அங்கே கை காய்ந்திருக்கும்.

கணினியோடு கையடக்க ஸ்கேனர் ஒன்று வேண்டும். பட்டைக் குறியீட்டை மட்டும் படிக்கும் லேசர் வகை உதவாது, கியூஆர் படிக்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். கணினிக்கு அது ஒரு கீபோர்டு மாதிரிதான்: படித்த முகவரியைத் தட்டச்சு செய்து என்டர் அழுத்திவிடும். ஆனால் கர்சர் பிரவுசரின் முகவரிப் பட்டியில் நிற்க வேண்டும். வேறெங்காவது நின்றால் ஒன்றும் நடக்காது. முதல் வாரம் "ஸ்கேனர் கெட்டுப்போச்சு" என்று வந்த புகார் அத்தனையும் இதனால்தான். கன்ட்ரோல், எல் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கர்சர் அங்கே போய்விடும் என்பதால், கீபோர்டில் அந்த இரண்டு விசைகள் மீதும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். சிவப்பு இரண்டையும் அழுத்து, ஸ்கேன் செய். சொல்லிக்கொடுக்க வேண்டியது அவ்வளவுதான்.

இணையம் நிற்கும்போது

இரும்பு மெஷின்களுக்கு நடுவே வைஃபை ஒளிந்துவிளையாடும். முடிந்தவரை கேபிள் இழுங்கள். 100 மீட்டருக்குள் என்றால் சாதாரண லேன் கேபிளே போதும். மெஷினின் சுழலும் தண்டை இயக்கும் ஸ்பிண்டில் டிரைவ்களின் மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல் தனிப் பாதையில் கொண்டுபோங்கள். வைஃபைதான் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 5 கிகாஹெர்ட்ஸைவிடத் தூரம் போகும்.

இணையமே அறுந்துபோனால்? கணினிக்கான டிரைவ் செயலியில் கோப்புகளைக் கணினியிலும் பிரதி வைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால், டிராயிங்குகள் உள்ளேயும் இருக்கும். ஆபரேட்டர் பாக எண்ணைப் பார்த்து போல்டரிலிருந்து திறந்துகொள்ளலாம். ஆனால் அந்தப் பிரதி நேற்றையதாக இருக்கக்கூடும். நான் சொன்ன அந்த இரண்டு பழைய டிராயிங் போன்களும் இணையம் இல்லாத இரவுகளில் வந்தவைதான். கார்டில் பேனாவால் எழுதிய ஒற்றை எழுத்து அன்று வார்ப்புகளைக் காப்பாற்றியது.

முப்பரிமாண மாதிரியையும் கொடுங்கள்

ஒரு பாகத்தின் தோற்றங்களைத் தாளில் அடுக்க இரண்டு முறைகள் உண்டு. நம் நாட்டில் டிராயிங் பெரும்பாலும் பர்ஸ்ட் ஆங்கிள் முறையில் இருக்கும். அமெரிக்க வாடிக்கையாளரின் டிராயிங் தேர்ட் ஆங்கிளில் வரும். பக்கத் தோற்றம் இடம் மாறி நிற்கும். மூலையில் இருக்கும் சிறு கூம்புச் சின்னத்தைக் கவனிக்காவிட்டால், இடது பக்கத் துளை வலது பக்கம் போய், கண்ணாடியில் தெரிவதுபோன்ற பாகம் பிறக்கும். அளவெல்லாம் சரியாக இருக்கும், பொருத்த முடியாது. பாகத்தின் முப்பரிமாண மாதிரி உள்ள ஸ்டெப் கோப்பு இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. ஆன்ஷேப், ஃபியூஷன் போன்ற வடிவமைப்பு மென்பொருள்களில் ஏற்றி வைத்தால் பிரவுசரிலேயே சுழற்றிப் பார்க்கலாம், குறுக்கே வெட்டியும் பார்க்கலாம். எங்கள் இளைய ஆபரேட்டர் ஒருவர் வார்ப்பைப் பிடிக்கும் முதல் ஃபிக்சர் கட்டுவதற்கு முன் மாதிரியை ஐந்து நிமிடம் திருப்பிக்கொண்டே இருப்பார். அந்த ஐந்து நிமிடத்தை நான் ஒருபோதும் குறை சொல்வதில்லை. ஆனால் மாதிரியில் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பது) தெரியாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிடுங்கள். அளவுக்கு டிராயிங், புரிதலுக்கு மாதிரி.

தாளை அவர் ஏன் விடவில்லை

இவ்வளவும் செய்த பிறகும் எங்கள் மூத்த ஆபரேட்டர் பழைய லேமினேட் தாளைப் பெட்டியில் வைத்துக்கொண்டே இருந்தார். பிடிவாதம் என்று நினைத்தேன். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுக்க அவர் கையெழுத்து. எந்த இன்சர்ட் (வெட்டும் முனை), எவ்வளவு ஃபீட் (முனை நகரும் வேகம்), சக் அழுத்தத்தை எவ்வளவு குறைத்தால் மெல்லிய சுவர் நெளியாது, மூன்றாவது துளைக்குப் பிறகு ஆஃப்செட்டை (முனையின் இடத் திருத்தத்தை) எவ்வளவு தட்ட வேண்டும். பத்து வருட அனுபவம் ஒரு தாளின் முதுகில். டிராயிங்குக்காக அவர் அதை வைத்திருக்கவில்லை.

அன்று முதல் ஒவ்வொரு பாகத்தின் போல்டரிலும் டிராயிங்கோடு 'செட்டிங்' என்று இன்னொரு கோப்பு இருக்கிறது. ஆபரேட்டர் தாளில் எழுதித் தருகிறார், சக்கின் தாடைகளான ஜாவில் வார்ப்பைக் கட்டிய நிலையை ஒரு படம் எடுக்கிறோம், இரண்டையும் ஏற்றிவிடுகிறேன். எழுதியவர் பெயரும் அதிலேயே இருக்கும். மூத்தவர் தன் பெயரைத் திரையில் பார்த்த வாரம், பெட்டியிலிருந்த தாள்களை அவராகவே கொண்டுவந்து கொடுத்தார். இந்த ஒரு கோப்பைச் செய்யாமல் திரை மட்டும் மாட்டினீர்கள் என்றால் தாள் திரும்ப வரும்.

தாளே கூடாது என்று சொல்லவில்லை. வெளியே பிளேட்டிங்குக்கோ ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கோ போகும்போது தேவைப்படும். தேதி முத்திரை குத்தித் தருகிறோம். வேலை திரும்பும்போது தாளும் திரும்ப வேண்டும்.

அனுமதிகள்

'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று விட்டுவிடாதீர்கள். கார்டைப் படமெடுத்த எவரும் உங்கள் வாடிக்கையாளரின் டிராயிங்கைத் திறந்துவிடலாம். ஒவ்வொரு திரைக்கும் மெஷின் பெயரில் ஒரு கணக்கு, பார்க்க மட்டும் உரிமை, பதிவிறக்கம் தடை. கணினியில் பிரதி வைக்கும் கணக்குக்கு மட்டும் பதிவிறக்கத்தைத் திறந்து விட வேண்டியிருக்கும். அந்தக் கணினி பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும். கிளவுடில் வைக்க வாடிக்கையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பாதுகாப்புத் துறை வேலை என்றால் அவர்கள் சொல்லும் முறைதான், நம் வசதி அங்கே செல்லாது. மெஷின் புரோகிராம்களை இந்தப் போல்டர்களில் கலக்காதீர்கள். அவற்றுக்குத் தனி இடம், தனிப் பொறுப்பாளர்.

சனிக்கிழமை மாலை, மெஷின் துடைக்கும் நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் ஜாப் கார்டுகளில் மூன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறேன். ஒவ்வொன்றையும் அந்தந்த மெஷினருகே ஸ்கேன் செய்து, மூலையில் இருக்கும் ரிவிஷனை வாடிக்கையாளரின் கடைசி மின்னஞ்சலோடு ஒப்பிடுகிறேன். பத்து நிமிட வேலை. எண்ட் ஷீல்டு கார்டு கண்ணில் பட்டால் அது கணக்கில் சேராது. அதை எல்லா வாரமும் பார்க்கிறேன்.