ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷினில் தண்ணீர் கசிகிறதா? வீட்டிலேயே சரிசெய்யும் முறை

மெஷினுக்கு அடியில் தண்ணீர் தேங்கியதுமே புது கேஸ்கெட் (கதவு வாயைச் சுற்றியிருக்கும் மடிப்பு ரப்பர்) வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். கசிவு எந்த நேரத்தில் வருகிறது என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. பல வீடுகளில் ஒரு ரப்பர் வாஷரோ, ஃபில்டர் மூடியில் சிக்கிய தலைமுடியோதான் காரணமாக இருக்கும். வாரண்டி பாக்கி இருந்தால் மட்டும் எதையும் திறக்காமல் கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள்.

கை வைப்பதற்கு முன் பிளக்கை உருவிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது போதாது. தரை ஈரமாக இருந்தால் முதலில் மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொடுங்கள். பிறகு குழாயை மூடுங்கள்.

எப்போது கசிகிறது?

தரையை நன்றாகத் துடைத்து, மெஷினைச் சுற்றிப் பழைய செய்தித்தாளை விரித்து, நாலைந்து துண்டுகளை மட்டும் போட்டு, இந்தச் சோதனைக்காக மட்டும் பிளக்கைச் செருகிக் குழாயைத் திறந்து, ஒரு சின்ன புரோகிராமை ஓடவிடுங்கள். பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். எந்தத் தாள் முதலில் நனைகிறதோ அந்தப் பக்கம்தான் பிரச்சினை.

தண்ணீர் ஏறும்போதே பின்பக்கம் நனைந்தால் இன்லெட் ஹோஸ், அதாவது குழாயிலிருந்து மெஷினுக்குத் தண்ணீர் வரும் ஹோஸ். பவுடர் ட்ரேயின் ஓரத்திலிருந்து முன்பக்கமாக வழிந்தால் ட்ரே. டிரம் சுற்றும்போது கதவுக்குக் கீழே நனைந்தால் கேஸ்கெட். அழுக்குத் தண்ணீர் வெளியேறும் நேரத்தில் மட்டும் கசிந்தால் ஃபில்டர் மூடி, பம்ப் அல்லது டிரெயின் ஹோஸ். மெஷினின் பின்பக்க நடுவிலிருந்து துருநிறத்தில் தண்ணீர் வந்து, ஸ்பின்னில் உறுமல் சத்தமும் கேட்டால், டிரம் சுழலும் பேரிங்குக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் பேரிங் சீல் போய்விட்டது. அதற்கு டப்பையே (டிரம்மைச் சுற்றியிருக்கும் தொட்டி) வெளியே எடுக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்களுக்கான வேலை இல்லை அது, மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பாத்ரூம் டிரெயின் அடைத்திருந்தாலும் தண்ணீர் எதிர்த்து வந்து மெஷினுக்கு அடியில்தான் நிற்கும். டிரெயின் ஹோஸின் முனையை ஒரு வாளியில் விட்டுப் பாருங்கள். தரை காய்ந்தே இருந்தால் மெஷினில் குறையில்லை, கழிவுக் குழாயில்தான் அடைப்பு.

சுலபமான இடங்கள்

இன்லெட் ஹோஸின் இரண்டு முனைகளையும் கழற்றினால் உள்ளே ரப்பர் வாஷர் இருக்கும். தட்டையாகிக் கெட்டிப்பட்டிருந்தால் மாற்றுங்கள். முக்கால் இஞ்ச் வாஷர் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். திரும்ப மாட்டும்போது கையால் முடிந்தவரை இறுக்கிவிட்டு, பிளையரால் கால் சுற்று மட்டும் கொடுங்கள். அதற்கு மேல் போனால் மெஷின் பக்கத்துப் பிளாஸ்டிக் மரை விரிசல் விடும். இங்கே டெஃப்லான் டேப் தேவையில்லை. தண்ணீரைத் தடுப்பது மரை இல்லை, வாஷர். சாதாரணக் குழாயில் நாலு ஸ்க்ரூவால் கவ்வும் அடாப்டர் நாளாவட்டத்தில் நழுவிக்கொண்டேதான் இருக்கும். அதை விட்டுவிட்டு, முக்கால் இஞ்ச் மரை உள்ள வாஷிங் மெஷின் குழாய் ஒன்றைப் பொருத்திவிடுவதே நல்லது.

பவுடர் ட்ரேயை வெளியே இழுத்து வெந்நீரில் ஊறவைத்துத் தேயுங்கள். அது உட்காரும் கூட்டையும், மேலே தண்ணீர் விழும் துளைகளையும் பழைய பல் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். போர் தண்ணீர் வீடுகளில் அந்தத் துளைகளில் உப்புப் படிந்து, தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்கும். பவுடரும் ஃப்ரண்ட் லோடுக்கானதாகவே இருக்கட்டும்; கை துவையல் பவுடரில் வரும் நுரை ட்ரே வழியாகவே வெளியேறிவிடும். உப்புத் தண்ணீருக்குப் பழகிய அளவை, வாட்டர் சாஃப்ட்னர் (உப்புத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி) மாட்டிய பிறகும் அப்படியே போட்டால் இதே கதைதான். பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

ஃபில்டர் மூடி முன்பக்கம் கீழே இருக்கும். பக்கத்தில் சின்ன டியூப் இருந்தால் முதலில் அதை இழுத்து, ஒரு தட்டில் தண்ணீரை வடியுங்கள். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை பொறுக்க வேண்டும். பிறகு மூடியை இடப்பக்கமாகத் திருகி எடுத்து, ரப்பர் வளையத்தையும் அது உட்காரும் பள்ளத்தையும் துடையுங்கள். ஒரே ஒரு முடி குறுக்கே கிடந்தாலும் சொட்டும்.

டிரெயின் ஹோஸை முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். எலி கடித்த ஓட்டை அடிப்பக்கத்தில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதில் டேப் சுற்றாதீர்கள், நிற்காது. ஹோஸை மாற்றுங்கள், அடிப்பக்கம் திறந்திருக்கும் மெஷின் என்றால் எலி நுழையாதபடி வலையும் மாட்டுங்கள்.

கேஸ்கெட் மாற்றுவது

கிழிசல் பெரும்பாலும் கேஸ்கெட்டின் அடி மடிப்பில்தான் இருக்கும். ஹேர்பின், நாணயம், உள்ளாடைக் கம்பி எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். மடிப்பை விரித்து, செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் வரிசையாகத் தெரியும் சின்னத் துளைகள் வடிகால் துளைகள். அவற்றைக் கிழிசல் என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். கிழிசலே இல்லையென்றால் கதவுக் கண்ணாடியின் ஓரத்தில் உப்புக் கறை இருக்கிறதா என்று தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் வினிகர் நனைத்த துணியால் துடைத்தாலே கசிவு நின்றுவிடும். உண்மையான கிழிசலுக்குப் பசையோ சிலிகானோ பயன்படாது. மடங்கி விரியும் ரப்பரில் அவை ஒட்டி நிற்பதில்லை.

புதியதைக் கதவு ஓரத்திலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் மாடல் நம்பரைக் காட்டி வாங்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் வெந்நீரில் போட்டால் பெட்டியில் மடங்கிய சுருக்கம் போய் ரப்பர் இளகும்.

பழையதைக் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெளி மடிப்பைச் சுற்றி ஒரு கம்பி வளையம் இருக்கும். அதில் ஒரு இடத்தில், பெரும்பாலும் அடியில், சின்ன ஸ்பிரிங் இருக்கும். ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வளையம் வந்துவிடும். கதவு லாக்கின் ஸ்க்ரூக்களைக் கழற்றி லாக்கை உள்ளே தள்ளுங்கள். டப்பைக் கவ்வும் உள் வளையம் இன்னும் உள்ளே இருக்கும். பின்பக்க ஸ்க்ரூக்களை எடுத்து மேல் மூடியைக் கழற்றினால் சில மாடல்களில் அது கைக்கு எட்டும். மற்றவற்றில் முன் பேனலையே எடுக்க வேண்டும். அந்த வளையத்தையும் கழற்றினால் பழைய கேஸ்கெட் வந்துவிடும்.

புதிய கேஸ்கெட்டில் முக்கோணக் குறி ஒன்று இருக்கும். அது டப்பின் உச்சியில் உள்ள குறிக்கு நேராகவும், வடிகால் துளைகள் அடியிலும் வர வேண்டும். டப்பைக் கவ்வும் பள்ளத்தில் பாத்திரம் கழுவும் லிக்விட் நாலு சொட்டுத் தடவினால் வழுக்கிக்கொண்டு உட்காரும். கிரீஸ், வாசலின் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். உச்சியில் தொடங்கி இரண்டு பக்கமும் கீழே இறங்குங்கள்.

இனிமேல்தான் பலர் கைவிடும் இடம்: டப்பைக் கவ்வும் உள் ஸ்பிரிங் வளையத்தைத் திரும்ப ஏற்றுவது. ஒரு பக்கம் ஏற்றினால் இன்னொரு பக்கம் கழன்றுவிடும். பலத்தால் ஆகாது. ஸ்பிரிங் பகுதியை அதன் பழைய இடத்தில் முதலில் பள்ளத்துக்குள் வைத்து, அதன் ஒரு பக்கத்தில் துணி கிளிப் இரண்டு மாட்டுங்கள். வளையம் அந்தப் பக்கம் நகராது. மறுபக்கமாக, ஒரு சாண் தூரத்துக்கு ஒரு கிளிப் போட்டுக்கொண்டே ஏற்றிச் சுற்றி வாருங்கள். கடைசி ஒரு சாண்தான் இறுகும். அங்கே தட்டை ஸ்க்ரூடிரைவரை வளையத்துக்கு அடியில் கொடுத்து, ரப்பரில் குத்தாமல் மெல்ல வழுக்கிவிடுங்கள். அலகை ஒரு சுற்று இன்சுலேஷன் டேப்பால் மூடிக்கொண்டால் புது ரப்பர் கிழியாது. இந்த வளையத்துக்கென்றே தனி பிளையர் விற்கிறது. ஒரே ஒரு மெஷினுக்காக அதை வாங்க வேண்டியதில்லை, கிளிப்பே போதும்.

உள் வளையம் ஏறியதும் விரலால் ஒரு முழுச் சுற்றுத் தடவுங்கள். பள்ளத்துக்குள் இறங்காமல் உதட்டின் மேலேயே ஒரு இடத்தில் நின்றாலும் அங்கே கசியும். பிறகு லாக்கையும் வெளி வளையத்தையும் மாட்டுங்கள்.

எல்லாவற்றையும் மூடிவிட்டு, துணி இல்லாமல் ஒரு ரின்ஸும் ஸ்பின்னும் ஓட்டி, கதவுக்குக் கீழே டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள்.

பின்னர் சேர்த்தவை

கேஸ்கெட் மாற்றியபின் கதவு எரர் காட்டினால், லாக்கின் ஒயர் கனெக்டர் சரியாகச் செருகப்படவில்லை.

கசிவு நின்ற பிறகும் மெஷின் ஓடாமல் எரர் காட்டினால், சில மாடல்களின் அடித்தட்டில் மிதவை சுவிட்ச் இருப்பதே காரணம். தட்டில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தால் சரியாகும். மெஷினைச் சாய்க்க வேண்டியிருந்தால் கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். உள்ளே கான்கிரீட் எடை இருக்கிறது. மெஷினின் மொத்த எடை 60 கிலோவை ஒட்டி இருக்கும்.

பிளக்கை உருவியிருக்கும்போதும் டிரம்மில் தண்ணீர் சொட்டினால் இன்லெட் வால்வு முழுதாக மூடவில்லை. வால்வு மாற்றும்வரை, துவைத்து முடித்ததும் குழாயை மூடிவிடுங்கள்.

மெஷினைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் மின்சாரப் பகுதிக்குள் தண்ணீர் போயிருக்கலாம். இரண்டாவது முறை போட்டுப் பார்க்காதீர்கள். பிளக்கை எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.