பழைய ஸ்டீரியோ ரிசீவருக்கு முதல் தடவை கரண்ட் கொடுப்பது எப்படி?

மராண்ட்ஸ், பயனியர், சான்சுயி, கென்வுட். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் வரும் 1970-களின் ரிசீவர்களை இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. டயல் வெளிச்சமும் கனமான ட்யூனிங் குமிழும் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கும் தாராளமானவை. 1978-ல் வந்த பயனியர் எஸ்எக்ஸ்-1980 சேனலுக்கு 270 வாட் தரும். ஆனால் பல வருஷம் பரணில் கிடந்த செட்டை எடுத்தவுடன் பிளக்கில் சொருகக் கூடாது. நல்ல செட்கள் வீணாவது பெரும்பாலும் அந்த முதல் நிமிஷத்தில்தான்.

1. வோல்டேஜ் பாருங்கள்

பின்பக்கம் அச்சிட்டிருக்கும். ஜப்பானில் விற்ற செட் 100 வோல்ட், அமெரிக்க செட் 120. நம் 230-ல் நேராகச் சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். வோல்டேஜ் செலக்டர் இல்லாவிட்டால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பின்பக்கம் போட்டிருக்கும் வாட் அளவைப் போல ஒன்றரை மடங்காவது தாங்குவதாக வாங்குங்கள். இன்னொன்று: ஜப்பான் உள்நாட்டு செட்டின் எஃப்எம் 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். சென்னை நிலையங்களில் பெரும்பாலானவை அதில் வராது.

2. மூடியைத் திறந்து பாருங்கள்

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும். பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் மிச்சமிருக்கலாம். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு நிமிஷம் பிடித்து இறக்குங்கள், பிறகு மீட்டரில் சரிபாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள்.

மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். கருகிய ரெசிஸ்டர், உப்பிய கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். கெப்பாசிட்டர் அடியில் பழுப்பாக இருப்பது கசிவாகவும் இருக்கலாம், கம்பெனியில் ஒட்டிய பசையாகவும் இருக்கலாம். பசை பழுப்பேறிவிட்டால் பக்கத்து கால்களை அரிக்கும், ஆகவே சுரண்டி எடுத்துவிடுவது நல்லது. ஃப்யூஸில் வெள்ளித்தாள் சுற்றியிருந்தால் கழற்றிவிட்டு, போர்டில் போட்டிருக்கும் அளவிலேயே புதிதாகப் போடுங்கள்.

3. சீரிஸ் போர்டு

உள்ளே ஷார்ட் இருந்தாலும் செட்டுக்கு அதிகக் கரண்ட் போகாமல் தடுக்கும் பல்ப் போர்டு இது. தேவை 100 வாட் குண்டு பல்ப், ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட். பல்ப் ஃபேஸ் ஒயரில் தொடராக வர வேண்டும். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. ஸ்டெப்-டவுன் இருந்தால் போர்டு அதற்கு முன்னால், 230 பக்கம் வரட்டும். ஸ்பீக்கர் இணைக்காமல், வால்யூமைக் குறைத்து ஸ்விட்ச் போடுங்கள்.

பல்ப் பளிச்சென்று எரிந்து சட்டென மங்கினால் கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆகிவிட்டன, சரி. மங்காமல் பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். உடனே அணைத்துவிடுங்கள், அவுட்புட் டிரான்சிஸ்டர், ரெக்டிஃபயர் இரண்டையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மங்கிய நிலையில் ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி ஸ்விட்ச்) 'டக்' என்று சத்தம் தராமல் போகலாம். செட்டுக்குப் போகும் வோல்டேஜை பல்ப் குறைத்துவிடுவதே காரணம், பயப்பட வேண்டாம்.

4. ஸ்பீக்கருக்கு முன் மீட்டர்

பல்ப் மங்கிய பிறகுதான் சீரிஸ் போர்டை எடுத்துவிட்டு நேரடியாகக் கரண்ட் கொடுக்க வேண்டும். ரிலே உள்ள செட்டில் சில விநாடிகளில் 'டக்' கேட்கும். மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து இரண்டு சேனலின் ஸ்பீக்கர் முனைகளையும் அளங்கள். 50-க்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் பழுது பார்க்காமல் ஸ்பீக்கர் மாட்டக் கூடாது. ரிலே ஒட்டவே இல்லையென்றால் அது ஸ்பீக்கரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அதை பைபாஸ் செய்தால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் கருகிவிடலாம்.

5. கரகரப்பு

செட்டை அணைத்து, வால்யூம் குமிழின் பின்னால் கால்களுக்கு அருகே உள்ள துளையில் கான்டாக்ட் கிளீனரை ஓரிரு முறை அடித்து, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை முப்பது தடவை சுழற்றுங்கள். டபிள்யூடி-40 வேண்டாம். காய்ந்த பிறகே கரண்ட்.

சத்தமே வரவில்லையா? டேப் டெக்கிலிருந்து வரும் சத்தத்தை மட்டும் எடுக்கும் டேப் மானிட்டர் பட்டன் அழுந்தியிருக்கும், அல்லது பின்பக்கம் ப்ரீ-அவுட், மெயின்-இன் சாக்கெட்கள் இரண்டையும் சேர்க்கும் சின்ன உலோகக் கொக்கிகள் தொலைந்திருக்கும். நல்ல செட்டைப் பழுதென்று ஒதுக்குவதற்கு இந்த இரண்டே போதும்.

டயல் கண்ணாடியின் உட்பக்க எழுத்துகளில் ஸ்பிரிட்டோ கண்ணாடி கிளீனரோ படவே கூடாது. எண்கள் துணியோடு வந்துவிடும், திரும்ப வராது.

6. முதல் பாட்டு

விலை குறைந்த 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டி, குறைந்த சத்தத்தில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். நடுவில் இரு சேனல்களின் ஹீட் சிங்க்கையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. ஒன்று மட்டும் கொதித்தால் அணைத்துவிட்டு, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்கு பயாஸை (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்டை) சரிசெய்ய வேண்டும்.