எறும்பு பார்க்கலாம், வாருங்கள்

எறும்பு பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டாம். ஒரு வெள்ளைத்தாள், கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர், தேங்காய்த் துருவல், போன் கேமரா, அரை மணி நேரப் பொறுமை போதும்.

படி 1: நேரமும் இடமும்

காலை 7 மணி வாக்கில், இல்லையென்றால் வெயில் தாழ்ந்த பிறகு உட்காருங்கள். அரிசி மாவில் கோலம் போடும் வாசல் அருமையான இடம். கல் மாவுக் கோலத்தை எறும்பு சீண்டாது. எறும்பு மருந்து போட்ட பக்கம் வேண்டாம்.

படி 2: விருந்து வையுங்கள்

தாளின் நடுவில் இரண்டு சொட்டு சர்க்கரைத் தண்ணீர், பக்கத்தில் தேங்காய்த் துருவல். யார் வருகிறார்கள் என்று பாருங்கள்.

நீண்ட கால்களோடு குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சின்னக் கறுப்பு எறும்பு, பிள்ளையார் எறும்பு. கையில் ஏறினாலும் கூசும், அவ்வளவுதான். செம்பழுப்பாகச் சாரை கட்டி வரும் சிற்றெறும்புக்கு வால்நுனியில் கொடுக்கு உண்டு, சுருக்கென்று ஏறும். தனியாக நிதானமாக வரும் பெரிய கறுப்பன் கட்டெறும்பு. அதற்குக் கொடுக்கு கிடையாது, தாடையால் கடிக்கும்.

படி 3: தாளைத் திருப்புங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. சாரை நன்றாக உருவானதும் தாளை மெதுவாகக் கால்வட்டம் திருப்புங்கள். தாளின் விளிம்புக்கு வந்த எறும்பு சட்டென்று நிற்கும். உணர்கொம்புகளால் தரையைத் தட்டிப் பார்க்கும், திரும்பும், மறுபடி வரும். இரை கண்டு கூடு திரும்பும் எறும்பு வயிற்று நுனியால் தரையில் வாசனைத் தடம் பதித்துப் போகிறது, மற்றவை அதை முகர்ந்து வருகின்றன. நீங்கள் திருப்பியது அந்தப் பாதையை. சில நிமிடத்தில் புதுத் தடம் போட்டுவிடுவார்கள்.

படி 4: பின்னாலேயே போங்கள்

கட்டெறும்பைத் தொடர்ந்தால் பெரும்பாலும் மரத்தடி மண்ணில் ஒரு துளையில் முடியும். வழியில் அவரைக்கொடி இருந்தால் தளிரைப் பாருங்கள். செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியை எறும்பு கொம்பால் வருடி, அது விடும் இனிப்புத் துளியைக் குடித்துக்கொண்டிருக்கும். பால் கறப்பது போலத்தான்.

படி 5: மாமரத்தில் முசுறு

இலைகளைச் சேர்த்துத் தைத்த பந்து தெரிந்தால் அது முசுறு என்ற சிவப்பு எறும்பின் கூடு. தள்ளியே நில்லுங்கள். கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும், எரியும். கூடு கட்டும் சமயம் வாய்த்தால் விடாதீர்கள். ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகி இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்கும். அப்புறம் வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் தூக்கி வந்து, இந்த இலைக்கும் அந்த இலைக்குமாகத் தொட்டுத் தொட்டு எடுக்கும், தறியில் நாடா ஓடுவதுபோல. நூல் விடுவது புழுதான். வளர்ந்த முசுறுக்கு நூல் வராது.

படி 6: மழைக்குப் பிறகு

இறக்கையோடு வருவதெல்லாம் ஈசல் இல்லை. ஈசல் கறையான் இனம், நான்கு இறக்கைகளும் ஒரே அளவு, இடுப்பு தடித்திருக்கும். எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, இடுப்பு ஒட்டியிருக்கும், கொம்பு முழங்கை போல மடிந்திருக்கும். இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் தனியாக அலையும் பெரிய கட்டெறும்பைக் கண்டால் மிதித்துவிடாதீர்கள். அது ராணி. மண்ணுக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, இனிப் பறக்கத் தேவைப்படாத தசைகளைக் கரைத்து, அந்தச் சத்தில் முதல் பிள்ளைகளை வளர்க்கப் போகிறது.