லேப்டாப்புக்கு ஸ்க்ரீன் கார்டு: ஒட்டுவதும் உரிப்பதும்

கடைக்கு வந்து “அண்ணே, இதுக்கு ஒரு ஸ்க்ரீன் கார்டு ஒட்டிக் குடுங்க” என்று, திரையைக் காக்க மேலே ஒட்டும் மெல்லிய ஷீட்டைக் கேட்டு லேப்டாப்பை நீட்டுபவர்களிடம், டச் ஸ்க்ரீனா என்றுதான் முதலில் கேட்பேன். இல்லையென்றால் ஒட்டவே வேண்டாம் என்பது என் கட்சி. மூடினால் திரை தானாக மறைந்துகொள்கிறதே! ஆனால் பேனா வைத்துத் திரையில் எழுதுபவர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள், பளபளப்பான திரையில் டியூப் லைட் தெரிந்து கண் கூசுபவர்கள் தாராளமாக ஒட்டலாம்.

புது லேப்டாப்பில் கம்பெனியே ஒட்டி அனுப்பும் மெல்லிய பிளாஸ்டிக் இந்தக் கணக்கில் சேராது. அது வழியில் கீறல் விழாமல் இருக்கத்தான். காரின் சீட் பாலிதீனை வருஷக்கணக்கில் கழற்றாத ஊர் நம்முடையது. ஆனாலும் இதை உரித்துவிடுங்கள்.

வாங்கும்போது இஞ்ச் மட்டும் சொன்னால் போதாது. 14 இஞ்ச் என்பதிலேயே, அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 16:9 என்றால் திரை ஏறக்குறைய 310 × 174 மில்லிமீட்டர் வரும். 16:10 என்றால் 302 × 188. ஸ்கேல் வைத்து, வெளிச்சம் வரும் பகுதியை அளந்து கொண்டுபோங்கள். சுற்றிலும் மேடான பிளாஸ்டிக் சட்டம் இருந்தால், ஷீட் அந்தச் சட்டத்தைத் தொடாமல் எல்லாப் பக்கமும் அரை மில்லிமீட்டராவது உள்ளே நிற்க வேண்டும். தொட்டால் அந்த ஓரம் எழும்பிக்கொண்டேதான் இருக்கும். தடிமனான டெம்பர்டு கிளாஸ் வேண்டாம். மூடும்போது திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே இடமே இருக்காது. மேக்புக்கில் கேமரா மூடிகூட 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது என்று ஆப்பிளே சொல்கிறது.

இனி ஒட்டும் வேலை. இதில் பாதிக்கு மேல் தூசியோடு நடக்கிற சண்டைதான். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், தரையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். லேப்டாப்பை ஷட்டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். கறுத்த திரையில்தான் தூசி கண்ணுக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மேல் சட்டத்தில் வைத்தது காய்ந்து உதிர்ந்து, கீழ் ஓர இடுக்கில் செம்பொடியாகக் கிடக்கும். ஷீட்டின் தாளை உரித்ததும் உண்டாகும் ஸ்டாட்டிக் மின்சாரம், அந்தப் பொடியை நேராகப் பசைப்பக்கத்துக்கு இழுத்துக்கொள்ளும். மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் முதலில் அதை வாரி எடுங்கள்.

அப்புறம் மைக்ரோஃபைபர் துணியில் டிஸ்டில்டு வாட்டரைத் தொட்டுத் துடையுங்கள். திரைமீது நேராக ஸ்பிரே அடிக்காதீர்கள். நீர் வழிந்து கீழ் ஓரத்தில் இறங்கினால் அங்கேதான் பேனலின், அதாவது படம் காட்டும் திரைப் பலகையின், சர்க்யூட் இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டும் கார் கண்ணாடி முறையும் இதனால்தான் இங்கே ஆகாது. உலர்ந்தபின் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, மிச்சத் துகளைச் செலோ டேப்பால் மெல்ல ஒற்றி எடுங்கள்.

பசையை மூடியிருக்கும் உள்தாளை உரிக்காமலே ஷீட்டை வைத்து நேர் பாருங்கள். சரியாக உட்கார்ந்ததும் மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் பேப்பர் டேப் போட்டுச் சட்டத்தோடு பிடித்துவிட்டால், கதவு மாதிரி தூக்கித் தூக்கி இறக்கலாம். தூக்கி, உள்தாளை மேலிருந்து மூன்று விரல் அகலம் மட்டும் உரித்து, அந்தப் பகுதியை ஒட்டுங்கள். பிறகு ஒரு கையால் தாளைக் கீழே இழுத்துக்கொண்டே, மறு கையில் துணி சுற்றிய பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக்கொண்டு வாருங்கள். அழுத்தம் வேண்டாம், மூடியின் பின்பக்கம் எதிலாவது சாய்ந்திருக்கட்டும்.

சின்னக் குமிழிகள் ஓரிரு நாளில் தானாக அடங்கும். நடுவில் புள்ளி தெரிகிற குமிழி அடங்காது, அது தூசி. பக்கத்து மூலையை டேப்பால் தூக்கி, இன்னொரு டேப் துண்டால் துகளை எடுத்துவிட்டு மறுபடி இறக்குங்கள். சில ஷீட்டில் மேலேயும் ஒரு காப்புத் தாள் இருக்கும். அதை எடுக்காமல் “மங்கலா தெரியுதுண்ணே” என்று வருபவர்கள் உண்டு.

உரிப்பதில்தான் ஆபத்து. பிளேடு, கத்தி, நகம் எதுவும் ஆகாது. பழைய ஷீட் என்றால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் காட்டுங்கள். கை தாங்கும் வெதுவெதுப்பு போதும். மூலையில் செலோ டேப்பை ஒட்டித் தூக்கி, ஷீட்டைத் தன்மேலேயே மடித்து, திரையோடு படிந்தவாறு மெதுவாக இழுங்கள். செங்குத்தாக மேலே இழுத்தால் பேனலும் சேர்ந்து வளையும். டச் இல்லாத, பளபளக்காத மேட் திரைகளில் மேல்பரப்பே பிளாஸ்டிக்தான். இழுக்கும்போது திட்டுத் திட்டாக வெளுத்து எழும்பினால் அங்கேயே நிறுத்துங்கள். கூசாமல் இருக்கப் போட்ட பூச்சு பெயர்கிறது என்று அர்த்தம். பெயர்ந்தால் பேனலை மாற்றுவது தவிர வழி இல்லை.

மிச்சப் பசைக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, ஓரத்தில் கொஞ்சம் சோதித்துவிட்டு, வட்டமாகத் தேயுங்கள். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகே மூடியை மூடுங்கள்.