குடும்பக் காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

தாழ்த்தும் ஸ்பிரிங் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை மி.மீ. இறங்கும்?" என்றுதான். குடும்பத்துக்கு ஓடும் செடானுக்கு அந்த எண்ணைவிட முக்கியமானது வேறொன்று: பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையப் பெட்டிகள் என்று ஏற்றிய பிறகு, பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) மேல் இடிக்கும் வரை ஷாக் அப்சார்பரில் எவ்வளவு ஓட்டம், அதாவது அமுங்கும் தூரம், மிச்சம் இருக்கிறது என்பது.

ஹோண்டா சிட்டி போன்ற ஒரு காரை எடுத்துக்கொள்வோம். முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருப்பது), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் முறுகும் குறுக்குச் சட்டம்), வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 2,600 மி.மீ., சுமையில்லாத கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மி.மீ. குடும்பமும் சாமானும் ஏறும்போது பின் ஆக்ஸிலில் 160 கிலோ கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு 80 கிலோ, அதாவது சுமார் 785 நியூட்டன். சக்கரத்தில் விழும் ஸ்பிரிங் விறைப்பு மி.மீ.க்கு 25 நியூட்டன் என்றால் பின்பக்கம் 31 மி.மீ. அமுங்கும். காலி வண்டியில் பம்ப் ஸ்டாப் வரை 70 மி.மீ. ஓட்டம் இருந்திருந்தால் இப்போது 39 மிஞ்சுகிறது.

இதே வண்டியில் 30 மி.மீ. தாழ்த்தி, 20 சதவீதம் விறைப்பான ஸ்பிரிங் போட்டால்? சுமைக்கு அமுங்குவது 26 மி.மீ.யாகக் குறையும். ஆனால் ஏற்கெனவே 30 போய்விட்டதால் மிச்சம் வெறும் 14. சின்னப் பள்ளத்துக்கும் ரப்பரில் 'டொம்' என்று இடிக்கும். "ஸ்பிரிங் ரொம்ப ஹார்டு" என்று புலம்புபவர்களில் பலருக்கு உண்மையில் இடிப்பது ஸ்பிரிங் இல்லை, பம்ப் ஸ்டாப்தான். 20 மி.மீ. மட்டும் தாழ்த்தியிருந்தால் 24 மிஞ்சும், ஓட்டலாம். இந்த மிச்சம் 20 மி.மீ.க்குக் கீழே போகும் எந்த செட்டையும் குடும்பக் காருக்குத் தவிர்ப்பது நல்லது.

உங்கள் வண்டியின் எண் எவ்வளவு என்று அளக்க ஒரு கேபிள் டை போதும். பின் ஷாக்கின் தூசி உறையை மேலே தள்ளி, பளபளக்கும் ராடில், ஷாக் உடலின் தலையை ஒட்டி டையைக் கட்டுங்கள். முழுச் சுமையையும் ஏற்றி, சமதளத்தில் நடை வேகத்தில் சில மீட்டர் உருட்டுங்கள். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்துவிட்டு, டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் அதுதான் இப்போதைய மிச்சம். அதிலிருந்து பின்பக்கத் தாழ்வைக் கழியுங்கள்.

வேகத்தடையைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். பயம் சரிதான், ஆனால் இடம் மாறியிருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். 2,600 மி.மீ. வீல்பேஸ் அதன் நடுவில் நிற்கும்போது மேடு வண்டியின் வயிற்றை நோக்கி மேலெழுவது சுமார் 50 மி.மீ.தான். முழுச் சுமையோடு 30 மி.மீ. தாழ்ந்த வண்டிகூட மெதுவாகப் போனால் தாண்டிவிடும். தெருக்காரர்களே சிமெண்டு கொட்டிக் கட்டும் ஒல்லியான மேடுதான் எமன். முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் ஏறாத நேரத்தில் அதன் முழு உயரமும் வயிற்றுக்கடியில் நிற்கும். உங்கள் தெருவில் அப்படி 12 செ.மீ. மேடு ஒன்று இருந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது.

விறைப்பில் 10 முதல் 25 சதவீதம் வரை கம்பெனி ஷாக் சமாளிக்கும். அதற்கு மேல் போனால், அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும்போது ஷாக்கால் பிடித்து நிறுத்த முடியாமல் வண்டி துள்ளிக்கொண்டே போகும். 60,000 கி.மீ. ஓடிய ஷாக் என்றால் ஸ்பிரிங்கோடு சேர்த்தே மாற்றுங்கள். கழற்றும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

புரோகிரசிவ் ஸ்பிரிங் (அமுங்க அமுங்க விறைப்பு கூடுவது) வாங்கும்போது சுற்றுகளைப் பாருங்கள். நெருங்கிச் சுற்றியிருக்கும் பகுதி, வண்டி நின்றாலே ஒன்றோடொன்று ஒட்டிவிடும் அளவுக்கு மெலிதாக இருந்தால், அது சவாரிக்கு உதவாது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை (அது உட்காரும் தட்டை) விட்டு நழுவாமல் பிடித்துவைக்க மட்டுமே அது. அதுவும் தேவையான வேலைதான். கம்பெனி ஸ்பிரிங்கை வெட்டிப் போடுவதில் கெட்டுப்போவது இதுவே: நீளம் குறைந்து, சக்கரம் தொங்கியதும் ஸ்பிரிங் ஆடும், இருக்கை மாறி உட்காரும். கேஸ் வெல்டிங்கில் சூடாக்கி இறக்குவது இன்னும் மோசம். எஃகின் பதம் போய், நாளாக நாளாக உட்கார்ந்துகொண்டே போகும்.

ஐபாக், எச்&ஆர் போன்ற ஸ்பிரிங் தயாரிப்பாளர்கள் தங்கள் செட்டுகளை எஞ்சின் வகை, ஆக்ஸில் சுமை வாரியாகப் பிரித்துப் பட்டியலிடுகிறார்கள். பெட்ரோலுக்கானதை டீசலில் போட்டால் முன்பக்கம் கூடுதலாகத் தாழும். ஐரோப்பிய அட்டையில் "30" என்றிருந்தால் அது அங்குள்ள வண்டியின் உயரத்திலிருந்து. நம் சாலைக்காக உயர்த்தி விற்கும் மாடலில் அதே ஸ்பிரிங் இன்னும் அதிகமாக இறக்கும். முன்பின் தாழ்வில், பின்பக்கம் குறைவாக இருக்கும் செட்டையே எடுங்கள். இல்லையென்றால் சுமை ஏறியதும் வண்டி பின்னால் குந்தி, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

அளவாகத் தாழ்த்தச் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. மெக்பர்சன் ஸ்ட்ரட்டில் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) சக்கரப் பக்க முனை, உட்பக்க முனையைவிட மேலே போய்விட்டால் ரோல் சென்டர் (வளைவில் வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) வண்டியைவிட வேகமாகக் கீழே இறங்கும். அப்போது விறைப்புக் கூடியும் வளைவில் சாய்வது எதிர்பார்த்த அளவு குறையாது. சக்கரத்தைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தால் ஆர்ம் படுக்கையாக இருக்கிறதா என்று தெரியும்.

மாட்டும் நாளில், கழற்றும் முன்பே நான்கு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று ஏமாற்றும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவியில் இரண்டு கொக்கியும் எதிரெதிரே, சமமாக இறுக வேண்டும். தெறித்தால் உயிருக்கே ஆபத்து. டாப் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் தேய்ந்திருந்தால் அப்போதே புதிது. பம்ப் ஸ்டாப்பை ஸ்பிரிங்கோடு வரும் தாள் சொன்னால் மட்டும் வெட்டுங்கள். லோயர் ஆர்ம், டார்ஷன் பீம் ஆகியவற்றின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால் வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். தொங்கலில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும்.

உடனே வீல் அலைன்மென்ட் பாருங்கள். ஸ்பிரிங் சில மி.மீ. இன்னும் உட்காரும் என்பதால் 1,000 கி.மீ. கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். டயரை வேகமாகத் தின்பது கேம்பரைவிட (சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாய்வது) டோதான் (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது). ஹெட்லைட் உயரத்தைச் சரிசெய்து, முன் கண்ணாடியில் கேமரா உள்ள மாடல் என்றால் அதற்குக் கேலிப்ரேஷன் தேவையா என்று சர்வீஸில் கேளுங்கள்.

சட்டப் பக்கம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், 2019-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தந்த விளக்கமும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. ஆர்.டி.ஓ.விடம் கேள்வி வரலாம், இன்சூரன்ஸ் க்ளெய்மில் சிக்கல் வரலாம். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். கழற்றிய ஸ்பிரிங், பம்ப் ஸ்டாப் எல்லாவற்றையும் இடம், வலம் என்று எழுதி எடுத்துவையுங்கள், பழைய நிலைக்கு மாற்ற வேண்டி வந்தால் தேவைப்படும்.